அம்மாவைக் காட்டி 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' போடலாமா? மதுரை வீட்டு வாடகை இடிக்கிறது

எடிசன் செல்வி | 7 பிப்ரவரி 2026, இரவு 9.40

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை உண்டு. 2023 ஆகஸ்டில் விவாகரத்து ஆனது, குழந்தைகள் இல்லை. சம்பளம் 98,000 டாலர். இதுவரை 'சிங்கிள்' என்றே வரிக் கணக்கு போட்டு வந்தேன்.

அம்மாவுக்கு 68 வயது. 2022 நவம்பரில் கிரீன் கார்டில் வந்து என்னோடுதான் இருக்கிறார். வாடகை 2,400 டாலர், கரண்ட், கேஸ், மளிகை, அம்மாவின் மருத்துவக் காப்பீடு எல்லாம் என் கையிலிருந்துதான் போகிறது. அலுவலகத் தோழி ஒருத்தி, "உன் அம்மாவை டிபென்டன்டாகக் காட்டி ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு போடு, மூவாயிரம் நாலாயிரம் மிஞ்சும்" என்கிறாள். அதாவது அம்மா என் செலவில் வாழ்பவர், வீட்டை நடத்தும் குடும்பத் தலைவி நான் என்று காட்டும் வரி நிலை. நம்பிக்கையோடு மென்பொருளில் உட்கார்ந்தேன். "அந்த நபரின் மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் குறைவா?" என்று ஒரு கேள்வி. அங்கேயே நின்றுவிட்டேன்.

மதுரையில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. மாதம் 42,000 ரூபாய் வாடகை அம்மா கணக்கில் விழுகிறது. வைப்புத்தொகை வட்டி வருடத்துக்கு ஒரு 60,000 ரூபாய். அதை எல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டுமா? அது இந்தியப் பணம்தானே?

டாலஸ் பாண்டி | இரவு 10.15

சகோதரி, இதற்கா இவ்வளவு யோசனை? என் அம்மா திருச்சியில்தான் இருக்கிறார். மாதா மாதம் 700 டாலர் அனுப்புகிறேன். என் வரி ஆள் மூன்று வருடமாக ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுதான் போட்டுத் தருகிறார். ஒரு பிரச்சினையும் வரவில்லை. ரீஃபண்டு ஜம்மென்று வருகிறது.

மிச்சிகன் மாறன் | இரவு 11.02

பாண்டி அண்ணா, "ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்று நானும் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதையும் அச்சு அசல் இதேதான். அம்மா ஊரில், நான் இங்கே, ஒரு வரி அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) பெட்டியில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) கடிதம் வந்தது. "பெற்றோரின் வதிவிட நிலைக்கு ஆவணம் அனுப்பு" என்றார்கள். என்னத்தை அனுப்புவது, ஆதார் கார்டையா? ஒரு வருடத்துக்கு மட்டும் 3,100 டாலர் வரி திருப்பிக் கட்டினேன். அதன் மேல் இருபது சதவீத அபராதம் 620 டாலர், வட்டி தனி. டிக் அடித்தவர் போனை எடுக்கவே இல்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

பேரேடு | 8 பிப்ரவரி, காலை 7.20

நான் என்ரோல்டு ஏஜென்ட், அதாவது ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி ஆலோசகர். பதினாலு வருடமாக நம் ஆட்களுக்குத்தான் அதிகம் வரி போடுகிறேன். முதலில் பாண்டிக்கு.

அம்மாவோ அப்பாவோ உங்கள் டிபென்டன்டாக இருக்க வேண்டுமானால், அந்த ஆண்டின் ஏதாவது ஒரு பகுதியிலாவது அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நேஷனலாகவோ ரெசிடென்ட் ஏலியனாகவோ (வரிக்கு இங்கே வசிப்பவராகக் கருதப்படும் வெளிநாட்டவர்) இருக்க வேண்டும். இல்லையென்றால் கனடாவில் அல்லது மெக்சிகோவில் குடியிருக்க வேண்டும். திருச்சி இந்தப் பட்டியலில் இல்லை. மாதம் 700 இல்லை, 7,000 அனுப்பினாலும் இல்லை. டொரன்டோவில் இருக்கும் அம்மாவைக் காட்டலாம், திருச்சி அம்மாவைக் காட்ட முடியாது. அநியாயமாகத் தெரியலாம், ஆனால் சட்டம் அதுதான். நீங்களே 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்திவிடுங்கள். கடிதம் வந்த பிறகு திருத்துவதும் கடிதம் வரும் முன் திருத்துவதும் ஒன்றல்ல.

இப்போது செல்வி. உங்களுக்குப் பெரும்பாலான படிகள் ஏற்கெனவே தாண்டியாயிற்று. டிசம்பர் 31 அன்று நீங்கள் திருமணமாகாதவர் கணக்கில் வருகிறீர்கள். அம்மா கிரீன் கார்டு, எனவே ரெசிடென்ட். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையது. அம்மாவின் ஆதரவுச் செலவிலும் பாதிக்கு மேல் நீங்கள்தான் என்று தெரிகிறது. இடிக்கிற இடம் 2025-க்கான அந்த 5,200 வருமான வரம்பு.

ஆம், இந்திய வாடகை கணக்கில் வரும். ரெசிடென்ட் ஆன நாளிலிருந்து உலக வருமானம் முழுக்க இங்கே வருமானம்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒரு முள் உண்டு. இந்தச் சோதனைக்கு வாடகையை மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். வீட்டு வரி கட்டினேன், சுண்ணாம்பு அடித்தேன், மோட்டார் மாற்றினேன் என்று ஒரு பைசா கழிக்கக் கூடாது. ஐ.ஆர்.எஸ். கையேடான பப்ளிகேஷன் 501-ல் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

42,000 × 12 = 5,04,000 ரூபாய். டாலருக்கு 87 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 5,790. வட்டி ஒரு 690. மொத்தம் 6,480. வரம்புக்கு மேல்.

எடிசன் செல்வி | காலை 8.05

அட, அந்த வாடகையில் பாதி வீட்டுப் பராமரிப்புக்கே போய்விடுகிறது சார். மீதியில் அம்மா என் தம்பி மகளுக்கு வளையல் வாங்குகிறார். இங்கே அம்மா செலவுக்கு அதில் ஒரு டாலர்கூட வருவதில்லை.

பேரேடு | காலை 8.30

அங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். இரண்டு தனித்தனிச் சோதனைகள். ஒன்று, அம்மாவுக்கு வருமானம் எவ்வளவு. இன்னொன்று, அம்மாவின் வாழ்க்கைச் செலவை யார் கொடுத்தார்கள். வளையல் கணக்கு இரண்டாவதில் உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் பேத்திக்கு வாங்கியது அம்மாவுக்கான செலவே இல்லை. சேமித்து வைத்ததும் செலவில் வராது. ஆனால் முதல் சோதனைக்குப் பணம் எங்கே போனது என்பது பற்றிக் கவலையே இல்லை. வந்ததா, எவ்வளவு, அவ்வளவுதான்.

சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வாங்கும் பெற்றோருக்கு இது தலைகீழ். வேறு வருமானம் இல்லாத ஒருவர் வருடத்துக்கு 14,000 டாலர் வாங்கினால் அதில் வரிக்குரிய பகுதி பூஜ்யம். எனவே வருமானச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடுவார். ஆனால் அந்த 14,000-ஐயும் தனக்கே செலவழித்தால், நீங்கள் அதைவிட அதிகம் கொடுத்திருந்தால்தான் ஆதரவுச் சோதனை தேறும்.

சன்னிவேல் சங்கரி | காலை 10.10

செல்வி, அவ்வளவு அவசரமாக மனம் தளர வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி: அம்மா 2025-ல் ஊருக்குப் போனாரா?

எடிசன் செல்வி | காலை 10.25

அக்டோபர் கடைசியில் போய் ஜனவரி பொங்கல் முடிந்து வந்தார். பதினோரு வாரம். அதனால் அடிபட்டுவிடுமா?

பேரேடு | காலை 11.00

அடிபடாது. பெற்றோர் விஷயத்தில் விதி, "அவருடைய முக்கிய வீடு ஆண்டு முழுக்க அதுவாக இருக்க வேண்டும், அதன் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும்" என்பது. திரும்பி வரும் எண்ணத்தோடு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் போவது தற்காலிகமாக வெளியே இருப்பதுதான். அவர் துணிமணி, மாத்திரை, பூஜை அலமாரி எல்லாம் எடிசனில்தானே?

இன்னொன்று. மற்ற உறவினர் என்றால் உங்களோடு பாதி ஆண்டுக்கு மேல் குடியிருந்தே ஆக வேண்டும். பெற்றோருக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. அப்பா ஹூஸ்டனில் தனி அபார்ட்மென்டில் இருக்கிறார், அந்த வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் போதும். முதியோர் இல்லமும் அப்படித்தான். மாமனார், மாமியாருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களை டிபென்டன்டாகக் காட்டலாம், ஆனால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு உங்கள் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட் புதுசு | காலை 11.40

சார், நான் எச்-1பி. அம்மா பி-2 விசாவில் 2024-ல் 170 நாள், 2025-ல் 170 நாள் என்னோடு இருந்தார். நாள் கணக்கு வைத்துப் பார்த்தால் ரெசிடென்ட் ஆகிறார் என்று ஒருவர் சொன்னார். நான் போடலாமா? மனைவி இன்னும் சேலத்தில்தான் இருக்கிறாள்.

பேரேடு | மதியம் 12.30

நல்ல கேள்வி, ஆபத்தான கேள்வி. கணக்கு சரிதான். இந்த ஆண்டு நாள்கள் முழுசாக, போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. 170 + 57 = 227. 183-ஐத் தாண்டிவிட்டது. விசிட்டர் விசாவில் வந்த அம்மா வரிக்கு மட்டும் ரெசிடென்ட் ஆகிவிடலாம். நடப்பு ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தவர்கள், "எனக்கு நெருங்கிய தொடர்பு இந்தியாவோடுதான்" என்று 8840 படிவம் போட்டு விலகிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஏனென்றால் ரெசிடென்ட் என்று ஏற்றுக்கொண்டால் அம்மாவின் உலக வருமானம், வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிவிப்பு எல்லாம் கூடவே வரும். டிபென்டன்டுக்காக 500 டாலர் கிரெடிட் (வரியிலேயே நேரடிக் குறைப்பு) கிடைக்கலாம், அதற்கு ஐடின் என்ற வரி அடையாள எண் எடுக்க வேண்டும். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு? அம்மாவின் முக்கிய வீடு சேலமா ஃப்ரீமான்டா என்று உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். சேலம் வீட்டு கரண்ட் பில்லை நான்தான் கட்டுகிறேன், எனவே அதுதான் நான் நடத்தும் வீடு என்று ஒருவர் வாதாடினார். அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு என் ஆபீஸ் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மனைவி விஷயம் தனி. மனைவி ஆண்டில் ஏதாவது ஒரு சமயம் நான்ரெசிடென்டாக இருந்து, அவரை ரெசிடென்டாக நடத்தும்படி நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் திருமணமாகாதவராகக் கருதப்படுவீர்கள். ஆனால் நீங்கள் ஆண்டு முழுக்க ரெசிடென்டாக இருக்க வேண்டும். அப்புறம் தகுதியுள்ள வேறொரு ஆள் வேண்டும். மனைவியை அந்த ஆளாகக் காட்ட முடியாது. கிரீன் கார்டு அம்மா உங்களோடு இருந்தால் கதை வேறு. உங்களுக்கு மனைவியோடு சேர்ந்து ஜாயின்ட் போடுவதே லாபமாக இருக்கும், அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரெட்மண்ட் ராகவி | மதியம் 1.15

இதைச் சொல்லும்போதே என் புண்ணும் கிளறுகிறது. நானும் கணவரும் ஒன்றரை வருடமாகத் தனித்தனி வீடு. கோர்ட்டுக்கு இன்னும் போகவில்லை. அப்பா என்னோடுதான். ஆறு மாதத்துக்கு மேல் பிரிந்திருந்தால் திருமணமாகாதவர் கணக்கு என்று எங்கோ படித்தேன்.

பேரேடு | மதியம் 1.50

பாதிதான் படித்திருக்கிறீர்கள். கடைசி ஆறு மாதம் துணை அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்ற விதி உண்மை. ஆனால் அதே விதியில், அந்த வீடு உங்கள் குழந்தையின் முக்கிய வீடாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்பாவை வைத்து அந்தக் கதவு திறக்காது. நீதிமன்றப் பிரிவு ஆணை இல்லாதவரை 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி' (திருமணமானவர், தனிக் கணக்கு) தான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். கலிபோர்னியாவில் இருந்தால் மாநில வரியில் உங்கள் நிலைமைக்கென்றே 'டிபென்டன்ட் பேரன்ட்' கிரெடிட் ஒன்று உண்டு. வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை என்பதால் அது உங்களுக்குப் பயனில்லை.

கோவைக் குசும்பு | மதியம் 2.30

நான் இந்தியாவில் இருந்து வேடிக்கை பார்ப்பவன். எங்கள் பழைய வரி முறையில் 60 தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால் 50,000 ரூபாய் வரை கழிவு. புதிய முறையில் அதுவும் இல்லை. நீங்கள் அம்மாவைக் காட்டி வரி நிலையையே மாற்றுகிறீர்கள். இங்கே ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று இருந்து, தகுதியும் இருந்தால் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை அம்மாவுக்கு வரும். அங்கே தலைவர் பட்டம் மகளுக்குப் போகிறது, 4,000 டாலர் மகளுக்கே போகிறது. நல்ல ஊர்.

எடிசன் செல்வி | மதியம் 3.05

குசும்புக்குச் சிரித்தேன். ஆனால் என் 4,000 போச்சே. வரம்புக்கு மேல் 1,280 டாலர்தான் அதிகம். அடுத்த வருடம் வாடகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

பேரேடு | மதியம் 3.40

வாடகையைக் குறைப்பதெல்லாம் அப்புறம். கண் முன்னால் இருந்ததை நானே காலையில் கேட்காமல் விட்டுவிட்டேன். "அப்பா கட்டிய வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா இப்போது இல்லையா? உயில் எழுதினாரா? பட்டா யார் பேரில் இருக்கிறது? நீங்களும் தம்பியும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா?

எடிசன் செல்வி | மதியம் 4.15

அப்பா 2021-ல் இறந்தார். உயில் இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. பட்டா, கரண்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது எல்லாம் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சார் சம்பந்தம்?

பேரேடு | மாலை 5.30

சம்பந்தம் நிறைய இருக்கிறது.

வாடகை வருமானம் யாருடையது என்பது, பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. சொத்து யாருடையது என்பதைப் பொறுத்தது. சொத்து யாருடையது என்பதை மதுரையில் செல்லும் சட்டம்தான் சொல்லும். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1956-ம் ஆண்டு சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், இறந்தவரின் அம்மா. அப்பா இறந்தபோது உங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தாரா?

இல்லை என்றால் மூன்று பேர், மூன்று பங்கு. அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. அப்படியானால் அம்மாவின் வாடகை வருமானம் 5,790 அல்ல, 1,930. வட்டி 690 சேர்த்தால் 2,620. 5,200-க்கு வெகு கீழே.

ஆனால் துள்ளிக் குதிக்காதீர்கள். இதற்கு ஒரு விலை உண்டு. மூன்றில் ஒரு பங்கு உங்கள் வருமானம். அதை உங்கள் ரிட்டர்னில் ஷெட்யூல் இ என்ற வாடகை வருமான இணைப்பில் காட்ட வேண்டும். 2021-ல் இருந்தே காட்டியிருக்க வேண்டும். நீங்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை, அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டீர்கள் என்பது பாசம், அன்பளிப்பு. வரிச் சட்டத்தில் முதலில் அது உங்கள் வருமானம், அப்புறம்தான் அம்மாவுக்கு நீங்கள் கொடுத்தது. உங்கள் பங்குக்குச் செலவும் தேய்மானமும் கழிக்கலாம் என்பதால் வரி பெரிதாக வராது. ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது. "அம்மா டிபென்டன்ட் ஆக வேண்டும் என்றால் வீடு மூன்று பேருடையது, எனக்கு வரி என்றால் வீடு அம்மாவுடையது" என்று இரண்டு நாக்கில் பேச முடியாது.

சன்னிவேல் சங்கரி | மாலை 6.20

இதைத்தான் எதிர்பார்க்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நானும் அண்ணனும் பாசத்தில் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். முத்திரைத் தாள், சார்பதிவாளர் ஆபீஸ், எல்லாம் முடிந்தது. இப்போது எங்கள் அம்மாவின் வாடகை முழுக்க அவருடையது. வரம்பைத் தாண்டி நிற்கிறார்.

சரி, செல்விக்கு வேறொரு எச்சரிக்கை. அம்மாவின் மருத்துவக் காப்பீடு எங்கே எடுத்தீர்கள்? மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் அரசு மானியத்தோடு எடுத்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது அது. அம்மாவின் குறைந்த வருமானத்தை வைத்து முன்கூட்டியே மானியம் வந்துகொண்டிருந்தது. வருடக் கடைசியில் நான் அவரை டிபென்டன்டாகக் காட்டியதும், குடும்ப வருமானம் என்பதில் என் சம்பளமும் சேர்ந்துவிட்டது. 8962 படிவத்தில் கணக்குப் பார்த்தால், 500 டாலர் கிரெடிட்டுக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் மானியத்தைத் திருப்பிக் கட்டினேன். அறுபத்தேழு வயதுக்காரரின் பிரீமியம் சின்னத் தொகையா என்ன?

எடிசன் செல்வி | மாலை 6.45

நல்லவேளை, மானியம் இல்லை. மாதம் 900 டாலர் முழுசாக நானே கட்டுகிறேன். மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) காசு கொடுத்துச் சேர ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். 2027 வரை இதுதான்.

பேரேடு | மாலை 7.30

அந்த 900 உங்கள் ஆதரவுக் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறது. எழுதிப் பாருங்கள். இருப்பிடத்துக்கு அம்மாவின் பாதி 14,400. சாப்பாடு ஒரு 4,200. காப்பீடு 10,800. பல் வைத்தியம், மருந்து என்று ஒரு 1,900. இது எல்லாம் நீங்கள். அம்மா தன் காசில் விமான டிக்கெட் 1,500, புடவை 400 என்று வைத்தால்கூட உங்கள் பங்கு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்.

ஆனால் ஒன்று, வீட்டுச் செலவு வேறு, ஆதரவுச் செலவு வேறு. வீட்டுச் செலவுக் கணக்கில் வாடகை, கரண்ட், பழுதுபார்ப்பு, வீட்டில் சாப்பிடும் சாப்பாடு என்று வீட்டை நடத்தும் செலவுதான். மருத்துவம், துணி, போக்குவரத்து அதில் வராது. ஆதரவில் எல்லாமே வரும். இரண்டுக்கும் பப்ளிகேஷன் 501-லேயே தாள் இருக்கிறது. நிரப்பி, ரசீதுகளோடு கோப்பில் வையுங்கள். கடிதம் வந்தால் 886-எச்-எச்ஓஎச் என்று ஒரு பட்டியல் அனுப்புவார்கள். அதில் கேட்பதும் இதைத்தான். வாடகை ஒப்பந்தத்தில் அம்மா பெயரும் இருந்தால் நல்லது. டாக்டர் கடிதம், வங்கிக் கடிதம் எடிசன் முகவரிக்கு வந்திருந்தாலும் உதவும்.

தோழி சொன்ன தொகையும் சரிதான். 2025-க்கு சிங்கிளாகப் போட்டால் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 15,750. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 23,625. பன்னிரண்டு சதவீதப் படியும் 48,475-ல் முடியாமல் 64,850 வரை நீளும். 98,000-க்கு வரி 13,009-லிருந்து ஏறக்குறைய 9,540-க்கு இறங்கும். மேலே 500 கிரெடிட். மொத்தம் 3,970 டாலர் மிச்சம். அம்மா 65 தாண்டியவர், அந்தப் புதிய 6,000 டாலர் மூத்தோர் கழிவும் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிடைக்காது. அது வரி கட்டுபவருக்கே 65 ஆகியிருந்தால்தான்.

அம்மா தனியாக ரிட்டர்ன் போட வேண்டுமா? 65 தாண்டிய டிபென்டன்ட், சம்பாத்தியம் அல்லாத வருமானம் 3,350 டாலருக்குள் என்றால் 2025-க்கு வேண்டியதில்லை. 2,620 உள்ளே வருகிறது. ஆனால் இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிவிப்பு) போட வேண்டும். வைப்புத்தொகை வட்டியைப் பார்த்தால் தாண்டுகிற மாதிரிதான் தெரிகிறது.

மிச்சிகன் மாறன் | இரவு 8.10

சார், ஒரு சந்தேகம். நாங்கள் மூன்று பேர் அண்ணன் தம்பிகள், மூன்று பேரும் இங்கேதான். அம்மா இப்போது கிரீன் கார்டில் வந்துவிட்டார். அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு செலவு. இதில் யார் தலைவர்?

பேரேடு | இரவு 8.40

தலைவர் யாரும் இல்லை. பாதிக்கு மேல் தனியாகக் கொடுத்தவர் இல்லாதபோது, பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்தவர்களில் ஒருவர், மற்றவர்கள் கையெழுத்தோடு 2120 படிவம் போட்டு டிபென்டன்டாகக் காட்டலாம். வருடத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் காட்டும் பெற்றோரை வைத்து ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு எடுக்க முடியாது. மூவரில் திருமணமாகாதவர் யாராவது இருந்து, அவரே அறுபது சதவீதம் கொடுப்பதென்று முடிவு செய்தால் அது வேறு. அண்ணன் தம்பிக்குள் பேசிக்கொள்ளுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

டாலஸ் பாண்டி | இரவு 9.30

எல்லாவற்றையும் படித்தேன். நாளைக்கே அந்த வரி ஆளைப் பார்க்கிறேன். இல்லை, வேறு ஆளைப் பார்க்கிறேன்.

எடிசன் செல்வி | 15 பிப்ரவரி, காலை 9.15

ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. முடிந்த வரை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தம்பி மதுரைக்குப் போய் பீரோவைத் துழாவி வாரிசு சான்றிதழ் எடுத்தான். மூன்று பெயர்தான் இருக்கிறது. அப்பத்தா 2014-லேயே போய்விட்டார். பட்டா அப்பா பேரில்தான். வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் அம்மா தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை மூன்று பேர் பெயரில் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் பங்குக்கு வாடகைக்காரர் வரி பிடிக்க வேண்டும் என்று வேறு ஒரு பூதம் கிளம்பியிருக்கிறது. அதை இங்கே தொடங்கினால் விடிந்துவிடும்.

இங்கே ஒரு சி.பி.ஏ. கணக்காளரைப் பார்த்தேன். பேரேடு சார் சொன்னதையே சொன்னார். 2025-க்கு ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு போடுகிறோம், என் பங்கு வாடகையையும் காட்டுகிறோம். 2023-ம் 2024-ம் திருத்தப் போகிறோம். 2023-ன் வரம்பு 4,700, 2024-ன் வரம்பு 5,050, மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டுக்கும் உள்ளேதான் வருகிறது. 2023-ஐத் திருத்த 2027 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறதாம். காட்டாமல் விட்ட வாடகைக்கு என் பங்கு வரி அதிலேயே கழியும். 2021, 2022-க்கு மட்டும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்போ நான் யாரையோ நம்பி இருக்கிறவள் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாயா?" என்றார். டிபென்டன்ட் என்பதைத் தமிழில் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "நாலாயிரம் டாலர் என்றால் நம்ம ஊர்க் காசுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "எழுதிக் கொடு" என்றார்.

நேற்று இரவு தம்பி போன் செய்தான். வாரிசு சான்றிதழை முழுசாகப் படித்திருக்கிறான் போல. "அக்கா, அப்படியென்றால் மாதம் 14,000 ரூபாய் என் பங்கு ஆகிறதே. 2021-லிருந்து எவ்வளவு ஆச்சு?" என்கிறான். பேரேடு சார், இதற்கு என்ன படிவம்?